திராட்சை சிரப்: சர்க்கரையில் கை வைக்காதீர்கள்!

பன்னீர் திராட்சை மலிவாக வந்தால் இரண்டு கிலோவாக வாங்கிவிடுவது என் வழக்கம். கம்பம் பக்கத்துப் பழத்துக்குத் தனி வாசனை. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. சாப்பிட்டு மிஞ்சுகிற பழம் வாடுவதற்குள் சிரப்பாக்கி வைத்தால், திடீரென்று விருந்தாளி வந்து நிற்கும்போது கை கொடுக்கும்.

ஒரு கிலோ பழத்தைக் காம்பு ஆய்ந்து, உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் அலசுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். அலுமினியம், பித்தளை வேண்டவே வேண்டாம். புளிப்பு அதில் வேலை செய்துவிடும். அரை டம்ளர் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் வைத்தால் பத்து நிமிஷத்தில் தோல் வெடித்துச் சாயம் இறங்கும். மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசக்கும்.

மெல்லிய துணியில் வடிகட்டி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் பார்த்தால் அடியில் மணல் மாதிரி நறநறவென்று ஏதோ தங்கியிருக்கும். பயப்படாதீர்கள், மண் இல்லை! புளியில் இருக்கிறதே, அந்த அமிலத்தின் உப்புதான். தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். சுமார் 600 மில்லி தேறும்.

இதற்கு 900 கிராம் சர்க்கரை. அதாவது லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ. "ஐயோ, இவ்வளவா?" என்பீர்கள். என் நாத்தனாரும் அப்படித்தான் சொன்னாள். பாதியாகக் குறைத்துப் போட்டு, பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டாள். பத்தாம் நாள் மூடி தெறித்து, சுவரெல்லாம் ஊதாக் கலர்! சிரப்பில் நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை இருந்தால்தான் ஈஸ்ட்டும் பூஞ்சையும் லேசில் வளராது. குறைத்தால் புளித்துப் பொங்கிவிடும். இனிப்பு வேண்டாமென்றால் டம்ளரில் குறைத்து விடுங்கள், பாட்டிலில் குறைக்காதீர்கள்.

சர்க்கரை கரைந்து ஓரத்தில் குமிழி தட்டும்வரை சூடாக்கினால் போதும், தளதளவென்று கொதித்தால் வாசனை போய்விடும். நுரையை எடுத்துவிட்டு, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு பிழியுங்கள். கலர் பளிச்சென்று ஆகும். பாட்டில்களை அடியில் துணி போட்ட தண்ணீரில் கால் மணி கொதிக்கவிட்டு, ஈரமில்லாமல் உலர்த்தி, சூடு இருக்கும்போதே ஊற்றி மூடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து, திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. மேலே பூஞ்சை கண்டால் வழித்து எறிந்துவிட்டுக் குடிக்கலாமா என்று கேட்காதீர்கள், மொத்தத்தையும் கொட்டுங்கள்.

ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி போதும். அதிலேயே கிட்டத்தட்ட 25 கிராம், அதாவது ஐந்து டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது! அதனால் தினமும் வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் இரண்டு வயது ஆகாத குழந்தைகளுக்கும் கண்ணிலேயே காட்டாதீர்கள்.

போன கோடையில் எதிர்வீட்டுப் பெண் கவலையோடு வந்தாள். "அக்கா, குழந்தைக்குக் காலையிலிருந்து நாலு தடவை வயித்தால போயிடுச்சு. உங்க திராட்சை சிரப்பைக் கலந்து கொடுக்கட்டுமா? தெம்பா இருக்குமே!"

"அதை மட்டும் செய்யாதேம்மா" என்றேன். அதிகச் சர்க்கரை, குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். மருந்துக்கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். நம் சிரப் தண்ணீரிலோ லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல்! கூடவே குழந்தைக்கு வேண்டிய உப்பும் இதில் கிடையாது. பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னேன். தாய்ப்பாலையும் நிறுத்தவேண்டாம் என்றேன். கண் குழிந்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடவேண்டும்.

அவள் போகும்போது வீட்டிலிருந்த இரண்டு பாக்கெட்டையும் கொடுத்தனுப்பினேன். மறுநாள் கடையிலிருந்து நாலு வாங்கி, சிரப் பாட்டில் இருக்கும் அதே அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.