வாசலுக்கு நாலு பாயிண்ட், அடுப்படிக்கு ஒரு பாயிண்ட்!

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கவிதைப் பக்கத்தில் காதலும், கட்டுரைப் பக்கத்தில் "இளைஞனே எழு"வும் நிறைய வந்து குவிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனவே நான் யாரையும் எழுந்திருக்கச் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டில் வைஃபை டப்பா எங்கே மாட்டியிருக்கிறது என்று மட்டும் கேட்கப் போகிறேன்.

என்ன, சிரிக்கிறீர்களா? சிரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். முன் ஹாலில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், டி.வி.க்குப் பின்னால்! சரிதானே? அடி அண்ணாமலையில் நான் போய்ப் பார்த்த வீடுகளில் முக்கால்வாசி இப்படித்தான். காரணம் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. தெருக் கம்பத்திலிருந்து ஃபைபர் வயர் இழுத்து வருகிறவர் ஜன்னல் வழியாக உள்ளே நுழைகிறார். முதலில் கண்ணில் படுகிற பிளக் பாயிண்ட் பக்கத்தில் ஆணி அடிக்கிறார். "எங்கம்மா வைக்கட்டும்?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்பார். எங்க அம்மா மாதிரி ஆட்கள், "எங்க வேணா வைங்க சார், உங்களுக்குத் தெரியாததா" என்பார்கள். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. வாசலில் செருப்பு விடும் இடத்தில் நாலு பாயிண்ட் எடுக்கும். அடுப்படியிலும் பின் ரூமிலும் ஒரு பாயிண்ட், அதுவும் வரும், போகும்.

இதில் என்ன குடி முழுகிப் போச்சு என்று கேட்பீர்கள். பின் ரூமில் யார் உட்காருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்! நமக்கு, அதாவது பையன்களுக்கு, சிக்னல் இல்லையென்றால் போனைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போவோம். அங்கேயும் இல்லையென்றால் கிரிவலப் பாதையில் டீக்கடை பெஞ்சு இருக்கவே இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு நம்மை யாரும் கேட்க மாட்டார்கள். என் தங்கை பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் பத்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் வீடியோ பார்த்தால் தெருவே கேட்கும். நம் வகுப்புத் தோழிகள் எத்தனை பேர் அசைன்மென்ட்டை விடியற்காலை நாலரை மணிக்கு, ஹாலில் படுத்திருப்பவர்களைத் தாண்டிப் போய், டி.வி. ஸ்டாண்டு பக்கத்தில் நின்றுகொண்டு அனுப்புகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேரளத்தில் 2020-ஆம் ஆண்டு ஊரடங்கு நேரத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கல்லூரி மாணவி ஒருவர் ஆன்லைன் வகுப்புக்காக ஓட்டுக் கூரை மேல் ஏறி உட்கார்ந்த படம் பத்திரிகைகளில் வந்தது. "என்ன தைரியம்!" என்று எல்லோரும் பாராட்டினார்கள். கூரை மேல் ஏறாமலே அந்தப் பெண்ணுக்குச் சிக்னல் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சரி, இதற்கு மருந்து என்ன? "மெஷ் வாங்கிப் போடு தம்பி, வீடு பூரா பிச்சுக்கிட்டு ஓடும்" என்கிறார்கள் கடைக்காரர்கள். நம் பையன்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். இரண்டு டப்பா கொண்ட ஒரு செட்டுக்கு ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை ஆகிறது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் அது ஒரு மாத அரிசி, மளிகை, கேஸ் எல்லாம் சேர்த்த பணம். ஆகவே வாங்குவதற்கு முன்னால் அந்த டப்பா என்ன செய்கிறது என்று டிப்ளமோ படிக்கிற நாமாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் சுவர் விஷயம். வைஃபை இரண்டு அலைவரிசையில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 6 சென்டிமீட்டர். சின்ன அலை வேகமாகத் தரவைக் கொண்டு போகும், ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் படுத்துவிடும். பெரிய அலை கொஞ்சம் முட்டி மோதி உள்ளே போகும், ஆனால் வேகம் குறைவு. செங்கல் சுவர் ஒன்று, பரவாயில்லை. கம்பி போட்ட கான்கிரீட், பழைய கருங்கல் சுவர், தகரக் கூரை, இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், தண்ணீர் நிறைந்த டேங்க் எல்லாம் அலைக்கு எதிரிகள். நமக்கு இதைப் புரியவைக்கப் புத்தகமே வேண்டாம். டவுனில் நிற்கிற செல்போன் டவர் மலையைத் துளைத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வருமா? வராது. மலைக்கு இந்தப் பக்கத்துக்குத் தனி டவர் வேண்டும். வீட்டுக்குள் பீரோதான் மலை. அவ்வளவுதான்!

அளந்து பார்ப்பதும் சுலபம். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை செயலி ஒன்றை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அது சிக்னலை டிபிஎம் கணக்கில் காட்டும். எண் மைனஸில் இருக்கும். 3 குறைந்தால் சக்தி பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. எங்கள் வீட்டில் டி.வி. பக்கத்தில் மைனஸ் 45. அடுப்படியில் மைனஸ் 81. வித்தியாசம் 36. கணக்குப் போட்டால் நாலாயிரத்தில் ஒரு பங்கு! வீடியோ தடையில்லாமல் ஓட மைனஸ் 67-க்கு மேலே இருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு. மைனஸ் 80 தாண்டினால் படம் சுற்றிக்கொண்டே இருக்கும், நாமும் சுற்ற வேண்டியதுதான்.

இங்கே ஒரு சங்கதி. கார்த்திகை தீபத்தைக் கோயில் பிராகாரத்தில் ஒரு மூலையில் ஏற்றிவிட்டு, சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரியவில்லையே என்று யாராவது வருத்தப்படுவார்களா? 2,668 அடி உயர மலையின் உச்சிக்குக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றுகிறோம். வைஃபை டப்பாவுக்கும் அதே நியாயம்தான். வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், டி.வி.க்கும் பீரோவுக்கும் விலகி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பத்து மீட்டர் வயர் நீட்டி நடு ரூம் பரண் ஓரத்தில் மாட்டியபோது அடுப்படி மைனஸ் 81-லிருந்து மைனஸ் 66-க்கு வந்தது. செலவு முந்நூறு ரூபாய்க்குள். ஃபைபர் வயரை மட்டும் நாமே மடக்கி ஒடிக்கக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. ஃபைபர் டப்பாவை இருந்த இடத்தில் விட்டுவிட்டு, அதிலிருந்து லேன் கேபிள் இழுத்து ரூட்டரை நகர்த்துவதுதான் உத்தமம். டப்பாவும் ரூட்டரும் ஒன்றாகவே இருந்தால் கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கூப்பிட்டு மாற்றிக் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். மாதா மாதம் பணம் கட்டுகிறோம்.

இதற்கும் மசியாத வீடுகள் உண்டு. நீளவாக்கில் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறை வைத்துக் கட்டிய வீடு, மாடியில் கான்கிரீட் தளத்துக்கு மேல் படிக்கிற ரூம்... இங்கேதான் மெஷ்ஷுக்கு வேலை. மெஷ் என்றால் வலை. ஒரு டப்பா பேசுவதை அடுத்த டப்பா கேட்டு, அதற்கடுத்ததற்குச் சொல்லும். வீடு முழுக்க ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. நடந்துகொண்டே இருந்தால் போன் கிட்டத்து டப்பாவுக்குத் தானே மாறிக்கொள்ளும். (சில பழைய போன்கள் மாறாது. முதல் டப்பாவையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும், கல்யாண வீட்டில் முதல் பந்தியைப் பிடித்தவன் மாதிரி!)

ஆனால் கடைக்காரர் சொல்லாத ஒன்று இருக்கிறது. கான்கிரீட் போடுகிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். எங்க அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர், ஆகையால் நான் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கீழேயிருந்து மாடிக்கு ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றுவார்கள். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு சட்டியை வாங்கவும் இன்னொன்றைக் கொடுக்கவும் முடியாது. வாங்கி, திரும்பி, கொடுத்து, அப்புறம்தான் அடுத்தது. விலை குறைந்த மெஷ்ஷும், ரிப்பீட்டர் என்கிற டப்பாவும் இதே கதைதான். ஒரே ரேடியோ ஒரே சேனலில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டும். எனவே ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். 100 வந்தால் இரண்டாவது டப்பாவில் 50, மூன்றாவதில் 25. கைமாற்றலுக்கென்றே தனி ரேடியோ வைத்த மாடல் வேறு விலை. ஆக, இரண்டு டப்பாவுக்கும் நடுவில் ஒரு லேன் கேபிள் போட்டுவிட்டால்? சட்டி தூக்க ஆளே வேண்டாம், லிஃப்ட் வைத்த மாதிரி! மெஷ் வாங்கினாலும் கேபிள் இழுக்க முடிந்தால் இழுங்கள். 100 மீட்டர் வரைக்கும் தாராளமாகப் போகும். வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போட முடியாதவர்களும், வயர் போகவே வழியில்லாதவர்களும் மட்டும் வயர் இல்லாத மெஷ்ஷை நம்பலாம். அவர்களும் இரண்டாவது டப்பாவைச் சிக்னல் செத்த இடத்தில் வைக்காதீர்கள். அது காது கேட்காதவரிடம் தகவல் சொல்லி அனுப்புகிற கதை. பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

மெஷ் என்பது ஏதோ பணக்காரர் பங்களாவுக்குப் பிறந்தது என்றும் நினைக்க வேண்டாம். பெரிய கம்பெனிகள் வீட்டு மெஷ் டப்பா விற்க ஆரம்பித்ததே 2016 வாக்கில்தான். அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே நம் நாட்டில் ஒரு மலை ஊரில் மெஷ் ஓடியது. இமாச்சலப் பிரதேசம், தர்மசாலா. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸை வீட்டுக்கு வெளியேயும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் உத்தரவு வந்தது. பிப்ரவரியிலேயே அங்கே வேலை ஆரம்பித்துவிட்டார்கள்! திபெத்திய அகதிகளின் பள்ளிகள், அலுவலகங்கள் எல்லாவற்றையும் இணைத்தார்கள். கடையில் கிடைக்கிற சாதாரண லிங்க்சிஸ் ரூட்டரை வாங்கி, உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றி, மழை தாங்கும் பெட்டியில் வைத்து மேலே ஏற்றினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட டப்பாக்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள், அத்தனைக்கும் சேர்த்து வெளியே போகும் வேகம் மொத்தம் 6 எம்பிபிஎஸ்! இன்று நம் ஒருவர் வீட்டில் வருவது அதைப்போல் பல மடங்கு. அதை வாசலிலேயே கொட்டி வைத்திருக்கிறோம். அங்கேயும் குரங்குத் தொல்லை உண்டாம். கிரிவலப் பாதையில் நமக்குக் கேட்கவே வேண்டாம்.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சொல்ல வேண்டும். அது மெஷ் இல்லை, வைஃபையை நேர்கோட்டில் தூரம் அனுப்புகிற வித்தை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆராய்ச்சிக் குழு 2005, 2006-இல் வந்து சாதாரண வைஃபை கார்டுகளையும் உயரமான ஆன்டெனாக்களையும் வைத்து, பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிராமத்துக் கண் மையங்களைத் தேனியோடு இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்தபடியே பாட்டி டாக்டரிடம் வீடியோவில் பேசினார். பஸ் செலவு மிச்சம், ஒரு நாள் கூலி மிச்சம். தூரத்துக்கு ஏற்றபடி வைஃபையின் பேச்சு முறையையே அவர்கள் திருத்தினார்கள். "கேட்டுதா? கேட்டுதா?" என்று ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் காத்திருக்காமல், இப்போது நீ பேசு, அப்புறம் நான் என்று முறை வைத்தார்கள். ஒரு வைஃபை கார்டு எவ்வளவு தூரம் உழைக்கும் என்பதற்கு நான் சொல்லும் சாட்சி இதுதான். பத்துக் கிலோமீட்டர் போகிற சாமான் பத்தடி தள்ளி அடுப்படிக்குப் போகவில்லையென்றால் குற்றம் சாமானில் இல்லை!

பௌர்ணமி அன்று நம் ஊர் நிலைமை உங்களுக்குத் தெரியும். லட்சக்கணக்கில் ஜனங்கள், எல்லார் கையிலும் போன், செல் டவர் திணறும். அன்றைக்கு வீட்டு ஃபைபர் மட்டும் ஜம்மென்று ஓடும். அதைப் பத்து ரூபாய்க்குக் கடைக்கு வருகிறவர்களுக்கு விற்கலாமே என்று சிலருக்கு யோசனை. வீட்டுக் கனெக்‌ஷனை அப்படி விற்க அனுமதி இல்லை. ஆனால் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தில் டீக்கடைக்காரர்கூட லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம். அவர்களிடம் 200 எம்பிபிஎஸ் வரையான ஃபைபர் இணைப்புக்கு வீட்டுக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் டிராய் ஆணை போட்டது. வேலை தேடுகிற சீனியர்கள் இதைக் கவனிக்கலாம். அது தனிக் கட்டுரை.

இப்போது பேரவைக்கு ஒரு கோரிக்கை. நம் லேபில் கிரிம்பிங் டூல் இருக்கிறது, லேன் டெஸ்டர் இருக்கிறது, வருஷத்தில் இரண்டு பிராக்டிகலுக்குத்தான் வெளியே வருகின்றன. ஹெச்.ஓ.டி. அனுமதியோடு மாதம் ஒரு சனிக்கிழமை பத்துப் பேர் போகலாம். முதலில் நம் கல்லூரித் தோழிகளின் வீடுகள். நாலு இடத்தில் அளந்து எழுத வேண்டும்: வாசல், நடு ரூம், அடுப்படி, படிக்கிற இடம். டப்பாவை நகர்த்தினால் போதுமா, கேபிள் வேண்டுமா, மெஷ்ஷே வேண்டுமா என்று அந்த வீட்டு அம்மாவிடம், ஆமாம், அம்மாவிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். பத்தாயிரம் செலவழிக்க வேண்டாம் என்று சொல்லும் வீடுகளே அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். கேபிளுக்கும் கனெக்டருக்கும் அவர்கள் பணம், உழைப்பு நம்முடையது, டீ கொடுத்தால் மறுப்பதற்கில்லை. அளந்த எண்களையெல்லாம் சேர்த்தால் இறுதியாண்டு பிராஜெக்ட்டுக்கும் ஆச்சு. கடையில் வாங்கி வந்த கிட்டை பாலிஷ் போட்டு வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பெயர் தர விரும்புபவர்கள் மூன்றாம் ஆண்டு இ.சி.இ. வகுப்பில் தரலாம். தோழிகளும் குழுவில் வர வேண்டும், இல்லையென்றால் அடுப்படி வரைக்கும் எங்களை யார் விடுவார்கள்? சொந்தமாக ஏணியோ உயரமான ஸ்டூலோ வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை!