நரம்பன்று, சிரை

"காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது" என்று நம் இல்லங்களில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். ஆடுசதையில் நீலமாய்ப் புடைத்து, புழுப்போல் நெளிந்து நிற்பது நரம்பன்று. இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை அது. பெயரைப் பிழையாகச் சொல்வதால் கேடும் விளைகிறது. நரம்பென்று எண்ணித் தைலமிட்டு அழுத்தி உருவிவிடுகிறார்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்குமாயின் அது பேராபத்து.

காலின் இரத்தத்தில் பெரும்பங்கைச் சுமப்பவை தசைகளின் நடுவே செல்லும் ஆழ்சிரைகள். தோலுக்கு அடியில் ஓடுபவை மேற்சிரைகள். அவற்றுள் முதன்மையானவை இரண்டு. பெருஞ்சிரை பாதத்தின் உட்புறம் தொடங்கி, உட்கணுக்காலுக்கு முன்னே ஏறி, முழங்காலையும் தொடையையும் உட்பக்கமாகக் கடந்து, தொடையிடுக்கில் ஆழ்சிரையோடு கலக்கிறது. நம் உடலில் மிக நீண்ட சிரை இதுவே. சிறுசிரை வெளிக்கணுக்காலுக்குப் பின்னே புறப்பட்டு, பெரும்பாலும் முழங்காலின் பின்குழியில் ஆழ்சிரையைச் சேர்கிறது. இடையிடையே இணைப்புச் சிரைகளும் உண்டு.

கீழிருந்து மேலே இரத்தம் ஏறுவது எப்படி? நடக்கும்போது ஆடுசதை சுருங்கி ஆழ்சிரைகளைப் பிழிகிறது. ஏறிய இரத்தம் இறங்காதவாறு சிரைக்குள் சிறு கதவுகள் மூடிக்கொள்கின்றன. இக்கதவுகளை இத்தாலியின் பதுவா நகரில் பேராசிரியராயிருந்த பப்ரீசியுஸ் 1603-இல் நூலாக விவரித்தார். அவற்றின் உண்மைப் பயனை விளக்கியவர் அவருடைய மாணவர் ஹார்வி, ஆண்டு 1628.

கதவு பழுதானால் இரத்தம் கீழே தேங்கி, மேற்சிரை விரிந்து சுருள்கிறது. பரம்பரை, பிள்ளைப்பேறு, நெடுநேரம் நிற்றல் ஆகியவை இதற்கு ஏதுவாகின்றன. ஆசிரியர், பேருந்து நடத்துநர், விடியுமுன்னே அடுப்படியில் நிற்கத் தொடங்கும் தாய்மார் ஆகியோரிடம் இதனை மிகுதியாய்க் காண்கிறோம். தாய்மாரோ சேலைக்குள் மறைத்து ஆண்டுகளைக் கடத்துகிறார்கள். நாணத்தைவிட, செலவைப் பற்றிய அச்சமே இதற்குக் காரணம் என்பது நம் எண்ணம். அதற்குள் உட்கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் கறுத்து, அரிப்பெடுத்து, ஆறாப் புண்ணாகிறது. களிம்பு மாற்றிக் களிம்பு பூசியும் பயனில்லை. புண்ணின் வேர் மேலே, பழுதான கதவில் இருக்கிறது.

மருத்துவர் ஸ்கேன் மூலம் கதவுகளைச் சோதித்து, பழுதான சிரையை லேசர் வெப்பத்தால் அடைக்கவோ, அறுவையால் நீக்கவோ கூடும். ஆழ்சிரைகள் நலமாயிருப்பின் அவையே அப்பணியை ஏற்கும். அழுத்தக் காலுறையைத் தாமே வாங்கி அணிய வேண்டாம். முக்கியமாக நீரிழிவுள்ளோர், பாதத்திற்கு இரத்தம் நன்கு பாய்கிறதா என மருத்துவரிடம் அறிந்த பின்னரே அணிதல் வேண்டும்.

புடைத்த சிரை சிலவேளை உடைந்து இரத்தம் பீறிடும். உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே படுக்க வைத்து, காலை இதயத்திற்கு மேலே உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தவாறே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள். ஆழ்சிரையில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் செல்லக்கூடும்.

நலமான பெருஞ்சிரைக்கு வேறொரு பயனும் உண்டு. 1967-இல் அர்ஜென்டினா நாட்டு மருத்துவர் பவலோரோ, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், காலிலிருந்து எடுத்த இச்சிரையைக் கொண்டு இதயத் தமனியின் அடைப்புக்கு மாற்றுவழி அமைத்தார். இன்றும் பைபாஸ் அறுவையில் இது பயன்படுகிறது. எடுத்த சிரையை வழக்கமாகத் தலைகீழாகத் திருப்பியே தைக்கிறார்கள். இல்லையேல் அதே கதவுகள் இதயத்திற்குச் செல்லும் இரத்தத்தை மறித்துவிடும்.