ஆமைக்குக் கூனி போடுறவங்களுக்கு

சென்னாக்கூனிக்கு எங்க பக்கம் ரெண்டே ரெண்டு வேலைதான். ஒண்ணு, கத்தரிக்காயோட குழம்புக்குப் போகும். இன்னொண்ணு, மூட்டையோட அடியில நிக்கிற தூளைத் தவிட்டுல பிசைஞ்சு கோழிக்கு வைப்போம். இப்ப பட்டணத்துல மூணாவதா ஒரு வேலை வந்திருக்கு: கண்ணாடித் தொட்டி ஆமைக்கும் மீனுக்கும் தீனி. டப்பாவுல அடைச்சு விக்கிறாங்க. சில டப்பாவுல இருக்கிறது இறாலே இல்ல, காமரஸ்னு அதோட தூரத்துச் சொந்தம்.

போடுறது தப்புன்னு சொல்ல வரல. கூனியைப் பார்த்ததும் ஆமை கழுத்தை நீட்டிக்கிட்டு ஓடி வரும், பார்க்கவே நல்லாத்தான் இருக்கும். கூனியில இருக்கிற நிறமி தங்கமீனோட செவப்பைக்கூட தூக்கிக் காட்டும். ஆனா அது பலகாரம், சோறு இல்ல. தீபாவளிக்குத் திங்கிற அதிரசத்தைத் தினம் மூணு வேளையும் புள்ளைக்குக் குடுப்பீங்களா?

வெறும் கூனியிலேயே வளர்ற ஆமைக்கு வைட்டமின் ஏ பத்தாம கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கும். சுண்ணாம்புச்சத்து பத்தாம ஓடு மெத்துனு ஆயிடும். முட்டைக்கோழி தோல்முட்டை போட்டா நாங்க கிளிஞ்சல் தூள் வைக்கிறோமே, அதே கணக்குதான். நாட்டு மருந்துக் கடையில கடல்நுரைன்னு கேட்டா கணவாய் ஓடு குடுப்பாங்க. ஒரு துண்டைத் தொட்டியில போட்டு வைங்க, வேணுங்கிறப்ப கடிச்சுக்கும். வெயிலும் வேணும். கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயில் கணக்குல சேராது, ஓட்டுக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துடும்.

குட்டியில புழு, பூச்சின்னு நிறைய திங்கிற ஆமை, வளர வளர தழை தாவரத்துக்கு மாறும். அதுக்கு மாட்டுக்கு வளக்கிற அசோலாவே போதும். தார்ப்பாய் விரிச்ச ஒரு சின்னக் குழி, கொஞ்சம் மண்ணு, சாணித்தண்ணி. மாடியில ஒரு டப்புலகூட வளரும். கூனி வாரத்துல ரெண்டு நாள், நாலஞ்சு உருப்படி போதும். சந்தையில வாங்கினா வாயில ஒண்ணு போட்டுப் பாருங்க, உப்பு போட்டுக் காயவச்சதுன்னா நீங்களே குழம்பு வச்சுச் சாப்பிடுங்க, நல்லதண்ணி மீனுக்கு ஆகாது. மீனுக்குன்னா பத்து நிமிஷம் ஊறவச்சுப் போடணும். காஞ்சதை அப்படியே முழுங்கினா வயித்துல போய் உப்பும். பூசணம் புடிச்ச கடலைப்புண்ணாக்கை நாங்க மாட்டுக்கு வைக்கிறதில்ல. மழைக்காலத்துல ஈரம் ஏறின கூனியையும் அப்படித்தான் தூக்கிப் போடணும்.

எனக்கு நெசமாவே கவலை வேற ஒண்ணு. கடையில விக்கிறதுல பெரும்பாலும் கண்ணோரம் செவப்புக் கோடு போட்ட அமெரிக்க ஆமை. வாங்கும்போது அஞ்சு ரூபா நாணயத்தைவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். ஆனா ஒரு அடி வரைக்கும் வளரும், இருபது முப்பது வருஷம் உயிரோட இருக்கும். தொட்டி நாறும். அப்பதான், ‘ஊர்ல கெணறு இருக்குல்ல, விட்டுடலாமா மாமா’ன்னு போன் வருது. இதை மட்டும் ஒத்துக்கவே மாட்டேன். உலகத்துலயே ரொம்பக் கேடான 100 அந்நிய உயிரினங்கள்னு ஐயுசிஎன் போட்ட பட்டியல்ல இந்த ஆமையும் இருக்கு. எங்க குளத்துல, வாய்க்கால்ல பாலாமை இருக்கு. அதைப் புடிச்சு வளக்கிறதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். அது திங்கிற நத்தையையும் மீன்குஞ்சையும், அது வெயில் காயுற கரையையும் இந்தத் தடியன் வந்து புடுங்கிக்கணுமா? கெணத்துல விட்டா இன்னும் மோசம், ஏறிக் காய ஒரு படிகூட இல்லாம நீந்தி நீந்தியே சாகும்.

வளக்க முடியலைன்னா வாங்கின கடையிலயே திருப்பிக் குடுக்கப் பாருங்க, இல்ல இடம் வச்சிருக்கிற இன்னொருத்தர்கிட்ட குடுங்க. இன்னும் வாங்கலைன்னா வாங்காதீங்க. ஏற்கெனவே வளக்கிறவங்க ஊருக்கு வரும்போது ஒரு வாளி எடுத்துட்டு வாங்க, அசோலா விதை நான் தர்றேன். ஆமையை எடுத்துட்டு வராதீங்க.