எந்த ஃபண்ட் என்பது கடைசிக் கேள்வி

மியூச்சுவல் ஃபண்டுகளில் எஸ்ஐபி வழியாக மாதந்தோறும் சேரும் பணம் 2024 ஏப்ரலில் முதன்முறையாக 20,000 கோடி ரூபாயைத் தாண்டியது. தபால் அலுவலகச் சேமிப்பையும் எல்ஐசி பாலிசியையும் மட்டுமே நம்பியிருந்த மாதச் சம்பளக் குடும்பங்கள் ஓய்வுக்காலப் பணத்தின் ஒரு பகுதியைச் சந்தையிடம் ஒப்படைக்கத் துணிந்துவிட்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால், இந்தப் பணத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிவருகிறது: எந்த ஃபண்ட் நல்ல ஃபண்ட்? கேள்வியில் தவறில்லை, அது முதலில் கேட்கப்படுவதுதான் தவறு. ஓய்வுக்காலத் தொகை எவ்வளவு வளரும், எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை வேறு மூன்று. பங்குக்கும் கடன் முதலீட்டுக்கும் இடையே பணத்தை எப்படிப் பிரிக்கிறோம், நிர்வகிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு கொடுக்கிறோம், ஓய்வுபெற்ற பிறகு எதிலிருந்து முதலில் எடுக்கிறோம் என்பவையே அவை. இந்த மூன்றுக்கும் விடை கண்ட பிறகு ஃபண்டின் பெயரைத் தேடினால் போதும்.

பெயரை முதலில் தேடுபவர் கையில் எடுப்பது கடந்தகால வருமானப் பட்டியலை. அந்தப் பட்டியல் எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் நிறம் மாறிவிடும். 2020 மார்ச் 23 அன்று 26,000 புள்ளிகளுக்குக் கீழே முடிந்த சென்செக்ஸ், 2025 மார்ச் இறுதியில் 78,000 புள்ளிகளை ஒட்டி நின்றது. ஐந்தே ஆண்டில் மூன்று மடங்கு. ஆண்டுக்குச் சுமார் 24% வளர்ச்சி. அதே குறியீடு 2020 ஜனவரியில் 42,000 புள்ளிகளைத் தொட்டிருந்தது. கணக்கை இரண்டு மாதம் முன்னால் தொடங்கினால், ஐந்தாண்டு வளர்ச்சி ஆண்டுக்கு 13% அளவுக்கு இறங்கிவிடுகிறது. நிர்வாகிகளின் திறமை இரண்டு மாதத்தில் மாறிவிடவில்லை. தொடக்கத் தேதிதான் மாறியது. இன்னொரு குறை, பட்டியலில் இல்லாதவற்றைப் பற்றியது. சரியாகச் செயல்படாத திட்டங்கள் வேறு திட்டங்களோடு இணைக்கப்பட்டு மறைந்துவிடுகின்றன. மிஞ்சியவற்றை மட்டும் வரிசைப்படுத்தினால் சராசரியே பளபளக்கும். 2007இல் உள்கட்டமைப்புத் துறை ஃபண்டுகள் முதலிடங்களைப் பிடித்தபோது பணம் அவற்றில் வெள்ளமாய்ப் பாய்ந்தது. அடுத்த ஆண்டு வந்த சரிவிலிருந்து அவை மீள நெடுங்காலம் பிடித்தது. பட்டியலைப் பார்த்து வாங்குபவர், விலை ஏறி முடிந்த இடத்தில் நுழையும் வாய்ப்பே அதிகம்.

நாளைய வருமானம் யாருக்கும் தெரியாது. நாளைய செலவு இன்றே தெரியும். ஒரே ஃபண்டை விநியோகஸ்தர் வழியாக வாங்கினால் ரெகுலர் திட்டம். நிறுவனத்திடமே வாங்கினால் டைரக்ட் திட்டம். இந்த இரண்டாவது வழியையும் நிறுவனங்கள் தந்தாக வேண்டும் என்று 2013 ஜனவரி முதல் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியது. இரண்டிலும் இருப்பவை அதே பங்குகள், நிர்வகிப்பவரும் அவரே. பங்குத் திட்டங்கள் பலவற்றில் இவற்றுக்கிடையிலான செலவு வித்தியாசம் ஆண்டுக்கு ஒரு சதவீதத்தை நெருங்குகிறது. மாதம் 10,000 ரூபாயை 30 ஆண்டு போடுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 11% கிடைத்தால் அவரிடம் சேர்வது ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம். 10% கிடைத்தால் 2 கோடியே 26 லட்சம். இடைவெளி 54 லட்சம். அவர் தன் கையிலிருந்து போட்ட மொத்தப் பணமே 36 லட்சம்தான். 30 ஆண்டு கழித்து ரூபாயின் மதிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும் என்பது உண்மை; ஆனால், அன்றைய மதிப்பில் பார்த்தாலும் சேர்ந்திருக்க வேண்டிய தொகையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்பது மாறாது. ஒரு சதவீதம் என்று சொல்லும்போது சில்லறையாகத் தெரிவதன் உண்மையான அளவு இது.

செலவுக்கு இத்தனை முக்கியத்துவம் தருவதற்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் வில்லியம் ஷார்ப் 1991இல் அதை எளிய கணக்காக எழுதிக்காட்டினார். சந்தையிலுள்ள எல்லா முதலீட்டாளர்களும் சேர்ந்ததுதான் சந்தை; எனவே, தேர்ந்தெடுத்து முதலிடும் எல்லா நிர்வாகிகளின் சராசரியும் செலவுக்கு முன்பு சந்தையின் வருமானத்துக்குச் சமமாகவே இருக்கும்; செலவைக் கழித்தால் அதற்குக் கீழே போகும். இந்தியாவில் லார்ஜ் கேப் ஃபண்டுகளில் இந்தக் கணக்கு பளிச்சென்று பலிக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களில்தான் தொகையின் 80 சதவீதத்தையாவது போட வேண்டும் என்று 2017இல் செபி வரையறுத்துவிட்டது. எல்லாரும் அதே 100 நிறுவனங்களைத்தான் அலசுகிறார்கள். ஸ்பிவா என்ற பெயரில் வெளிவரும் ஒப்பீட்டு அறிக்கைகளில், பத்தாண்டுக் கணக்கில் இந்த வகை ஃபண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை குறியீட்டைவிடப் பின்தங்குவதே வழக்கம். நிஃப்டியை அப்படியே பின்தொடரும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டை மிகக் குறைந்த செலவில் வாங்க முடியும்போது, அதிகக் கட்டணம் கேட்பவர் அதற்கான காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தியச் சந்தை அமெரிக்கச் சந்தை அல்ல; மிட் கேப், ஸ்மால் கேப் பிரிவுகளில் ஆய்வாளர்கள் எட்டிப் பார்க்காத நிறுவனங்கள் இன்னும் ஏராளம்; அங்கே நல்ல நிர்வாகி குறியீட்டை வெல்கிறார் என்கிறார்கள். நிஃப்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வங்கி, நிதி நிறுவனங்களிடமே குவிந்திருக்கிறது என்றும் சுட்டிக்காட்டுகிறார்கள். இரண்டுமே உண்மை. இவை சிறிய நிறுவனங்களுக்கென ஒரு பகுதியைத் திறமையான நிர்வாகியிடம் ஒப்படைப்பதற்கும், நிஃப்டி 50க்குப் பதில் நிஃப்டி 500 போன்ற அகலமான குறியீட்டை நாடுவதற்கும் நியாயம் தருகின்றன. ஆனால், வெல்லப்போகும் நிர்வாகியை முன்கூட்டியே கண்டுபிடித்து, அவர் வேலை மாறாமலும், பணம் குவிந்து ஃபண்டின் உடல் பெருத்துவிடாமலும் 25 ஆண்டு தொடர்வார் என்று நம்புவது வேறு விஷயம். ஓய்வுக்காலச் சேமிப்பின் அடித்தளத்தை அந்த நம்பிக்கையின் மீது எழுப்ப முடியாது.

ஃபண்ட் தேர்வில் ஒன்றிரண்டு சதவீதம் கூடலாம், குறையலாம். பங்குகளில் எத்தனை சதவீதம் என்ற முடிவோ பாதிச் சொத்தையே அசைத்துவிடக்கூடியது. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளை எட்டிய சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8,000 புள்ளிகளுக்குக் கீழே போய் வந்தது. அந்த ஆண்டில் ஓய்வுபெறவிருந்த ஒருவரின் முழுப் பணமும் பங்கு ஃபண்டுகளில் இருந்திருந்தால், அவை எவ்வளவு சிறந்த ஃபண்டுகள் என்பது அவரைக் காப்பாற்றியிருக்காது. நீண்டகாலம் காத்திருந்தால் சந்தை மீண்டுவிடும் என்ற ஆறுதலுக்கும் எல்லை உண்டு. 1989 இறுதியில் உச்சம் தொட்ட ஜப்பானின் நிக்கேய் குறியீடு அதே அளவை மீண்டும் எட்டியது 2024 பிப்ரவரியில். பிரித்துப் போடும்போது நம்மவர்கள் பலர் மறக்கும் ஒன்று, வருங்கால வைப்பு நிதியும் பிபிஎஃபும் ஏற்கெனவே கடன் முதலீடுகள்தான் என்பது. மாதாமாதம் பிஎஃப் பிடிக்கப்படும் 35 வயதுக்காரர், பாதுகாப்புக்காகக் கடன் ஃபண்டும் சேர்த்து வாங்கினால் அவருடைய சேமிப்பு அளவுக்கு மீறி வட்டியைச் சார்ந்துவிடும். பிஎஃப் எதுவும் இல்லாத கடைக்காரருக்கோ சுயதொழில் செய்பவருக்கோ அதே கடன் ஃபண்ட் அவசியமாகலாம். ஒருவருக்கு நல்ல ஃபண்ட் இன்னொருவருக்குத் தேவையற்றதாவது இப்படித்தான். இதை எந்தத் தரவரிசையும் சொல்லாது.

எதிலிருந்து முதலில் எடுப்பது என்ற மூன்றாவது கேள்விதான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. ஓய்வுபெறும் நாளில் ஒரு கோடி ரூபாய் வைத்திருக்கும் ஒருவர், ஆண்டுத் தொடக்கத்தில் 6 லட்சத்தைக் குடும்பச் செலவுக்கு எடுக்கிறார். மொத்தமும் பங்கு ஃபண்டில் இருக்கிறது. முதல் ஆண்டு சந்தை பாதியாகிறது; இரண்டாம் ஆண்டு அசையாமல் கிடக்கிறது; மூன்றாம் ஆண்டு இரட்டிப்பாகிப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. அவர் மூன்று ஆண்டில் எடுத்தது 18 லட்சம். கையில் மிஞ்சியிருப்பது 70 லட்சம். சந்தை முழுதாக மீண்ட பிறகும் 12 லட்சம் காணாமல் போயிருக்கிறது. விலை விழுந்து கிடந்தபோது அதிக யூனிட்டுகளை விற்க நேர்ந்ததே காரணம். இதே மனிதர் மூன்றாண்டுச் செலவான 18 லட்சத்தை முதலிலேயே வங்கி டெபாசிட்டில் ஒதுக்கிவிட்டு, 82 லட்சத்தை மட்டும் பங்கு ஃபண்டில் விட்டிருந்தால், வட்டியைக் கணக்கில் சேர்க்காமலேயே அந்த 82 லட்சம் அப்படியே இருந்திருக்கும். அதே ஃபண்ட், அதே சந்தை, அதே செலவு. 12 லட்சத்தைக் காப்பாற்றியது ஏற்பாடு மட்டுமே.

அந்த ஒதுக்கீட்டுக்கு ஏற்ற கருவிகள் எளிமையானவை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் 30 லட்சம் வரை போடலாம். அப்போது அறிவிக்கப்பட்ட 8.2% வட்டியில் அது மாதத்துக்கு 20,500 ரூபாய்க்குச் சமம். கூடுதலாக ஒரு சதவீதம் வேண்டும் என்று தரம் குறைந்த கடன் பத்திரங்களை நாடிய ஃபண்டுகளின் ஆபத்தை 2020 ஏப்ரல் காட்டியது. ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் திட்டங்களை மூடியபோது சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது. பணம் பின்னர் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஆனால், மாதாந்திரச் செலவுக்கு அதை நம்பியிருந்தவருக்கு அந்தக் காத்திருப்பே பெரிய இழப்பு. ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதிலும் இரவல் விதிகள் உதவாது. அமெரிக்க ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் முன்வைத்த 4% விதி, அந்த நாட்டுச் சந்தை, விலைவாசி வரலாற்றின் மீது எழுந்தது. நம் விலைவாசி வேகத்தில் அதையே உச்ச வரம்பாகக் கொள்வதுதான் விவேகம்.

இத்தனை சிக்கல் எதற்கு, எல்லாவற்றையும் டெபாசிட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்பது அடுத்த மறுப்பு. விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால், 60 வயதில் 50,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு 72 வயதில் ஒரு லட்சமும் 84 வயதில் இரண்டு லட்சமும் வேண்டும். வரி கழித்த டெபாசிட் வட்டி இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவேதான் ஓய்வுக்குப் பிறகும் ஒரு பகுதி பங்கில் இருக்க வேண்டியிருக்கிறது. விநியோகஸ்தர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: 2020 மார்ச்சில் பதறி எஸ்ஐபியை நிறுத்தவிருந்தவரை ஒரு போன் பேச்சில் தடுத்தவர், தன் கமிஷனைவிடப் பல மடங்கு சம்பாதித்துக் கொடுத்திருக்கிறார். அப்படிப்பட்ட துணை தேவைப்படுபவர்கள் அதற்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதே வாதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தொகுப்புக் கணக்கு அறிக்கையில் கமிஷன் ரூபாய்க் கணக்கில் அச்சாகிறது. அதைப் பார்த்துவிட்டுத் தொடரலாமா, டைரக்டுக்கு மாறலாமா என முடிவு செய்யலாம். மாறுவதும் விற்பனையாகவே கருதப்படும் என்பதால், பங்கு ஃபண்டுகளில் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்டகால லாபத்துக்கு 12.5% வரி உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தரவரிசைகள் ஓயாமல் வெளியாவதற்குக் காரணம் அவை விற்கின்றன என்பதுதான். ஒவ்வொரு மாதமும் முதலிடம் மாறும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய விற்பனைக்கு வழி திறக்கும். பிரிப்பு, செலவு, எடுக்கும் வரிசை என்ற மூன்றும் ஒருமுறை தீர்மானித்து ஆண்டுக்கொருமுறை சரிபார்த்தால் போதுமானவை. அவற்றில் யாருக்கும் விளம்பர வருவாய் இல்லை. முதலீட்டாளர் விழிப்புணர்வுக்கென்று ஃபண்ட் நிறுவனங்கள் ஒதுக்கும் பணம், இப்போதுபோல எஸ்ஐபி தொடங்கச் சொல்வதோடு நின்றுவிடாமல், 60 வயதுக்குப் பிறகு பணத்தை எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுக்கவும் செலவாக வேண்டும். அதுவரை, யாராவது ஒரு ஃபண்டின் பெயரோடு வந்தால், என் வயதென்ன, என் பிஎஃப் எவ்வளவு, இதன் செலவு விகிதம் என்ன, இந்தப் பணம் எனக்கு எந்த ஆண்டில் தேவைப்படும் என்ற கேள்விகளுக்கு அவரிடம் விடை இருக்கிறதா என்று பார்ப்பதே தற்காப்பு. இந்த நான்குக்கும் விடை சொல்ல முடியாத பரிந்துரை, எத்தனை நட்சத்திரம் பெற்ற ஃபண்டுக்கானது என்றாலும், ஒதுக்கித் தள்ளத்தக்கதே.