பச்சை மை, கறுப்பு மை – யாருக்கு?

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் போகிற தொழிலாளிகள் துவாக்குடியிலுள்ள பொறியியல் கல்லூரியைப் பார்த்திருப்பார்கள். மத்திய, மாநில சர்க்கார்கள் 1964-ல் ஜனங்களின் வரிப்பணத்தில் தொடங்கிய கல்லூரி அது. இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்று பெயர். அங்கே படித்த கே.ஆர்.ஸ்ரீதர் அமெரிக்காவில் 2001-ல் ஒரு கம்பெனி தொடங்கினார். அதுதான் புளூம் எனர்ஜி. அதன் எரிபொருள் மின்கலத்தை முதலில் வாங்கியவர்களில் கூகுளும் ஒன்று.

அந்தக் கலம் ஒரு பீங்கான் தகடு. ஒரு பக்கம் காற்று, மறு பக்கம் எரிவாயு. எண்ணூறு டிகிரி அளவு சூட்டில் காற்றிலுள்ள பிராணவாயு பீங்கானுக்குள் ஊடுருவிப் போய் எரிவாயுவோடு சேர்கிறது. அப்போது மின்சாரம் பிறக்கிறது. தீச்சுவாலை இல்லை, சுழலும் டர்பைன் இல்லை. அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான், அல்லது சற்று மேலே, மின்சாரமாகிறது. இந்தக் கலத்தில் பாதிக்கு மேல் கிடைக்கும்.

சூட்சுமமெல்லாம் தகட்டின் இரு பக்கப் பூச்சில், அதாவது மின்முனையில், இருக்கிறது. 2010-ல் அமெரிக்க டெலிவிஷனில் தகட்டைக் காட்டிய ஸ்ரீதர், ஒரு பக்கம் பச்சை மை, மறு பக்கம் கறுப்பு மை என்றார். மையின் கலவையோ கம்பெனி ரகசியம்!

விஞ்ஞானிகள் பொதுவாக எரிவாயுப் பக்கம் நிக்கலைப் பூசுகிறார்கள். நிக்கலுக்குக் கந்தகம் விஷம். கரி படிந்தாலும் அது கெட்டுப்போகும். பணக்காரக் கம்பெனிக்குக் கவலையில்லை. குழாயில் வரும் இயற்கை வாயுவைச் சுத்தம் செய்து கொடுக்க அதனிடம் பணமுண்டு. ஸ்ரீரங்கத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வயலில் உழைப்பவனிடம் என்ன இருக்கிறது? மாட்டுச் சாணம். சாண எரிவாயுவில் கந்தகம் கலந்தே வருகிறது. கூகுளுக்கு உழைக்கும் மின்முனை அவன் வாசலில் செத்துவிடும்.

ஆகவே எந்த மின்முனையை வளர்ப்பது என்பது வெறும் ஆராய்ச்சிக்கூடப் பிரச்னை அல்ல. யாருக்கு மின்சாரம் என்ற பிரச்னை. சாண வாயுவைத் தாங்கும் மின்முனை வேண்டுமென்று லாபம் தேடும் கம்பெனி முதலில் நினைக்காது. இது தனிமனிதர் குற்றமல்ல, லாபத்தின் விதி.

நம்மிடம் என்ன இல்லை? நிக்கலுடன் சீரியம் ஆக்ஸைடு சேர்த்தால் கரி படிவது குறையும் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அந்தச் சீரியமும், காற்றுப் பக்கப் பூச்சுக்கு வேண்டிய லாந்தனமும், பீங்கானுக்கு வேண்டிய சிர்கோனியமும் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் உண்டு. அதை எடுப்பது பொதுத்துறை நிறுவனம். காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உண்டு. கல்கத்தாவில் பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இந்தக் கலங்களையே செய்து பார்த்திருக்கிறது. திருவெறும்பூரில் கொதிகலன் செய்து தேர்ந்த கைகள் உண்டு. கொதிகலன் ஆர்டர்கள் குறைந்தபோது சுற்றியுள்ள சிறு பட்டறைகளில் வேலையிழந்து வாடியவர்களும் அந்தக் கைகளே.

இல்லாதது ஒன்றுதான்: இவற்றை ஒரே வேலையாகச் சேர்க்கும் சர்க்கார் திட்டம்.

அந்தத் திட்டம் வேண்டும். சாண வாயுவில் ஓடும் கலம் என்பதே அதன் முதல் இலக்காக இருக்கட்டும். கரையோர மீனவரைக் கேட்காமல் மணல் அள்ளக் கூடாது. கண்டுபிடிக்கும் கலவை எந்தக் கம்பெனியின் பெட்டியிலும் பூட்டப்படக் கூடாது. ஜனங்களின் பணத்தில் பிறக்கும் மை, ஜனங்களின் வீட்டில் விளக்கேற்றட்டும்!