சைட்காரும் முன் ஃபோர்க்கும்

பழையதைப் போற்றுதல் வேறு. பழையதைப் பயன்படுத்துதல் வேறு. இவ்விரண்டும் முரணுமிடத்தில் செய்யத்தக்கது யாது என்பதே இச்சிறு கட்டுரையின் பொருளாகும்.

சென்ற விடுமுறையில், சிவகாசியை அடுத்த எங்கள் விஸ்வநத்தத்தில், அண்டை வீட்டு அண்ணாச்சி ஒருவர் தம் தந்தையார் விட்டுச்சென்ற பழைய என்ஃபீல்டு புல்லட்டில் சைட்கார் பூட்ட விரும்பினார். முழங்கால் நோயுற்ற அன்னையாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே அவர் கருத்து. சேஸிஸின் கழுத்தை அறுத்து, ஃபோர்க்கின் சாய்வை மாற்றி, மீண்டும் வெல்டிங் வைத்துவிடலாம் என்றார் பட்டறைக்காரர். உடனிருந்தோர் சிலரோ, “ஒன்றும் மாற்ற வேண்டா, கை பழகிவிடும்” என்றனர். இவ்விரு கருத்தும் பிழையென்பதே என் துணிபு.

காரணம் கூறுவேன். ஹாண்டில் திரும்பும் அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால் அது நிலத்தை ஓரிடத்தில் தொடும். டயர் நிலத்தைத் தொடும் இடமோ அதற்குச் சற்றுப் பின்னால் உள்ளது. இவ்விடைவெளியையே ‘ட்ரெயில்’ என்பர். தனி வண்டிகளில் இது பெரும்பாலும் 3 முதல் 4 அங்குலம் வரை இருக்கும். சக்கரத்தை நேரே ஓடச் செய்வதும் இதுவே. தனி வண்டி வளைவில் சாய்ந்து திரும்பும். சைட்கார் பூட்டிய வண்டி சாய்வதில்லை. ஹாண்டிலை வலிந்து திருப்ப வேண்டும். அப்பொழுது அவ்விடைவெளியே ஓட்டுவோனை எதிர்க்கின்றது. இடப்பக்கச் சைட்கார், வேகம் கூட்டுங்கால் வண்டியை இடப்புறமும், பிரேக் பிடிக்குங்கால் வலப்புறமும் இழுக்கும் என்பதையும் கருதுக. கை பழகும் என்பது உண்மையே. ஆயினும் எதிரே திடீரென லாரி தோன்றுங்கால் பழக்கம் மட்டும் போதாது.

ஆகவே ட்ரெயிலைக் குறைக்கத்தான் வேண்டும், ஆயின் அறுத்தன்று. ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் 1955 முதல் 1969 வரை செய்த வண்டிகளில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஊசற்கையின் அச்சாணிக்கு இரண்டு இடங்கள் அமைத்தனர்: தனியே ஓட்ட ஒன்று, சைட்காருடன் ஓட்ட மற்றொன்று. இங்கு எதையும் சிதைக்காமலே ட்ரெயில் குறைகின்றது. வேறு வண்டிகளுக்கு, ஃபோர்க்கின் கால்களை முன்தள்ளிப் பிடிக்கும் மாற்று யோக்குகளை வழங்கியோரும் உளர். புல்லட்டிலோ, மேல் யோக்கு விளக்குக் கூட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. ஆதலின் ‘லீடிங் லிங்க்’ எனப்படும் வேறொரு ஃபோர்க்கை முழுமையாகப் பூட்டுவதே அதற்கு ஏற்றதென்பேன். அது பக்கவாட்டு விசையையும் நன்கு தாங்கும். ட்ரெயிலை மிகக் குறைத்தால் மெதுவாகச் செல்லும்போது ஹாண்டில் நடுங்கும். அதற்கு ஸ்டியரிங் டாம்பர் துணைசெய்யும். மருந்தின் அளவில் சிறு பிழையும் உயிரைக் கொள்ளும் என்பதைப் பட்டாசுத் தொழிலால் வாழும் எம்மூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அவ்வெச்சரிக்கை இங்கும் வேண்டும்.

சட்டமும் இவ்வழியையே காட்டுகின்றது. பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறுபட வண்டியை மாற்றலாகாதென 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிக்கின்றது. ஆதலின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தாரை முதலில் கேட்டறிதல் கடமை. மேலும், 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்காக 2021-இல் வெளியான விதிகள், சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவை மாற்றப்படாதவற்றையே தொன்மை வண்டியாகப் பதிவு செய்ய இடந்தருகின்றன. அங்ஙனம் பதிந்தவற்றை அன்றாடம் சாலையில் ஓட்டவும் இயலாது. எனவே அன்னையாருக்காக இன்று ஓட்டுவதா, பின்னொரு நாள் தொன்மைப் பொருளாகக் காப்பதா என்னும் கேள்வி எழுகின்றது. கழுத்தை அறுத்தவனுக்கு இரண்டாவது வழி என்றென்றைக்கும் அடைபடும். கழற்றக்கூடிய ஃபோர்க்கைப் பூட்டியவனுக்கு இரண்டும் திறந்திருக்கும்.

அண்ணாச்சி இன்னும் முடிவு செய்தாரில்லை. ஆயினும் அறுக்கும் வேலையை நிறுத்திவிட்டார். அம்மட்டில் எனக்கு மகிழ்ச்சியே. நண்பர்களே, முன்னோர் தந்த பொருளை நம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள நமக்கு உரிமையுண்டு. அதனை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் உரிமையை நம் பின்னோரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை. கழற்றிய ஃபோர்க்கை எண்ணெய் பூசி, துணியிற் சுற்றிப் பரண்மேல் வைப்போமாக.