விளையாட்டுப் பெட்டியும் வீட்டுக் கணக்கும்

விளையாட்டுப் பெட்டி பழுதானதற்கெல்லாம் ஒரு தலையங்கமா என்று வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். விலைவாசி, வேலையின்மை, வீட்டு வாடகை என்று ஆயிரம் பிரச்னைகள் இருக்கும்போது, பிள்ளைகள் விளையாடும் சாமானுக்கு இத்தனை இடமா? நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். சென்ற வாரம் ஒரு தோழர் துணிப்பையில் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து சங்க அலுவலக மேஜைமீது வைத்த பிறகு அந்த நினைப்பு மாறிவிட்டது.

அவர் பஸ் டிப்போவில் 22 வருஷமாக மெக்கானிக். பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியையும் மறுநாள் காலை ரூட்டுக்கு அனுப்பி வைக்கிற கை அவருடையது. மூன்று வருஷங்களுக்கு முன் போனஸ் பணத்தில், மகனுக்கும் மகளுக்கும் சேர்த்து, ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 வாங்கினார். இப்போது மின்சாரம் ஏறுகிறது, விளக்கு எரிகிறது, காற்றாடி சுழல்கிறது. டெலிவிஷனில் மட்டும் படம் வரவில்லை. கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போயிருக்கும், பழைய மாடல், புதுசு வாங்கிக்கங்க" என்றார்களாம். பழைய சாமான் வாங்கும் கடையில் 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். புதிய பெட்டியின் விலையோ? பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோதே 49,990 ரூபாய்.

"வித்துத் தொலைச்சிரலாமா தோழர்?" என்று கேட்டார். பஸ் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற மனிதர், ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இப்படி நிற்கும்படி அவரைச் செய்தது எது? இதைத்தான் நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். இதில் மாயம் ஒன்றுமில்லை. மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் ஒரு பகுதி, சூட்டை வெளியேற்றும் காற்றாடி, தட்டைப் படிக்கும் கருவி, நினைவுத்தட்டு, எல்லாவற்றையும் இணைக்கும் போர்டு, அதன் நடுவில் மூளையாக இருக்கும் சில்லு. இவற்றில் மிக விலை உயர்ந்தது சில்லு. ஆனால் அடிக்கடி கெடுவது அதுவல்ல. டெலிவிஷன் கம்பியைச் செருகும் எச்.டி.எம்.ஐ. துளை, கம்பியை இழுத்துக் குத்திப் பழகிய பிள்ளைகளின் கையில் வளைந்துபோகிறது. காற்றாடியில் தூசி அடைக்கிறது. சில்லுக்கும் சூடு கடத்தும் உலோகத்துக்கும் இடையில் தடவிய பசை வருஷக்கணக்கில் காய்ந்து போகிறது. கைப்பிடியிலுள்ள குச்சிக்கு அடியில் கரிப்பூச்சு தேய்ந்து, யாரும் தொடாமலே பொம்மை ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிக்கிறது. இவை எல்லாம் அற்ப விலைச் சாமான்கள். அற்ப விலைச் சாமான் கெட்டதற்காகப் பெட்டி முழுவதும் செத்துவிட்டது என்று சொல்வது, டயர் பஞ்சரானதற்காகப் பஸ்ஸைக் காயலான் கடைக்கு அனுப்புவது போன்றது.

பிள்ளைகளின் கை முரட்டுக் கை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பெட்டியைச் செய்தவர்களே பிழை செய்த கதை உண்டு. 2005 நவம்பரில் மைக்ரோசாப்ட் கம்பெனி எக்ஸ்பாக்ஸ் 360 என்ற பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சூடாவதும் ஆறுவதுமாகச் சில்லின் உள்ளிணைப்புகள் விரிசல் விட்டன. முகப்பில் சிவப்பு வளையம் எரிந்து பெட்டிகள் படுத்தன. வாங்கியவர்கள் கூச்சலிட்ட பிறகு, 2007 ஜூலையில், வாரண்டியை 3 வருஷமாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் அதற்காக ஒதுக்கினார்கள். 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியின் கைப்பிடிக் குச்சி தானாகவே நகர்ந்தது. 2020-ல் அந்தக் கம்பெனியின் தலைவரே பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் ஸ்தாபனங்களின் கூட்டமைப்பு, ஏறத்தாழ 25,000 புகார்களைக் கையில் வைத்துக்கொண்டு ஐரோப்பிய கமிஷனிடம் முறையிட்டது. உலகப் பெரும் கம்பெனிகள் வருத்தம் தெரிவிப்பதும் இலவசமாக ரிப்பேர் செய்வதும் கருணையால் அல்ல. பலர் சேர்ந்து கேட்டார்கள்; கொடுத்தார்கள்.

பெட்டியைத் திறக்கப் போனால் அடுத்த விவகாரம். ஸ்க்ரூவின் தலை நட்சத்திர வடிவம். நடுவில் ஒரு முளை. சாதாரண ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகாது. அதன்மேல் "இதைக் கிழித்தால் வாரண்டி இல்லை" என்று ஒரு ஸ்டிக்கர். அமெரிக்காவில் 1975-ம் வருஷத்துச் சட்டப்படியே இப்படி மிரட்டுவது செல்லாது. 2018 ஏப்ரலில் அந்த நாட்டு வர்த்தகக் கமிஷன் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. ஸோனி, மைக்ரோசாப்ட், நின்டெண்டோ மூன்றும் அந்த ஆறில் அடக்கம்!

ஸ்டிக்கராவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத பூட்டு இன்னும் பொல்லாதது. தட்டு படிக்கும் கருவியை அந்தந்தப் பெட்டியின் போர்டோடு ரகசிய எண்ணால் பிணைத்து வைக்கிறார்கள். இன்னொரு பெட்டியிலிருந்து நல்ல கருவியை எடுத்து மாட்டினால் வேலை செய்யாது. நமது மெக்கானிக்குகள் இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள்: பல மாடல்களில் பழைய கருவியிலுள்ள சிறு போர்டைக் கழற்றி, புதியதில் பொருத்திவிடுகிறார்கள். போர்டே கருகிப்போனால் அந்த வழியும் அடைபடும்.

இதற்குக் கம்பெனிகள் சொல்லும் சமாதானம் என்ன? பூட்டைத் திறந்தால் திருட்டு விளையாட்டுகள் பெருகிவிடும் என்கிறார்கள். திருட்டைத் தடுக்க அவர்களுக்கு உரிமை இருக்கட்டும். வளைந்துபோன துளையை மாற்றுவதிலும் காற்றாடியைத் துடைப்பதிலும் என்ன திருட்டு இருக்கிறது? ஆனாலும் இந்த வாதம் எடுபடுகிறது. அமெரிக்காவில் மினசோட்டா, கலிபோர்னியா ராஜ்யங்கள் 2023-ல் ரிப்பேர் உரிமைச் சட்டம் இயற்றியபோது, விளையாட்டுப் பெட்டிகளுக்கு விலக்கு அளித்துவிட்டன. 2021-ல் அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் கொடுத்த சலுகையும் தட்டு படிக்கும் கருவியை மாற்றுவதோடு நின்றது. பூட்டின் சாவி விற்றவனிடமே இருக்கிறது. வாங்கியவன் பணம் கொடுத்தும் வாடகைக்காரன்தான்.

அப்படியானால் தோழர் என்ன செய்வது?

நமது கருத்து, முதலில் ரிப்பேர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. சென்னை ரிச்சி தெருவிலும், மும்பை லாமிங்டன் ரோட்டிலும், தில்லி பாலிகா பஜாரிலும், நமது சிறு நகரங்களின் சந்துகளிலும் இந்த வேலை தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது கூலி எவ்வளவு என்பதல்ல, பழுது எது என்பது. நம் கண்முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். துளை வளைந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். "போர்டைச் சூடு காட்டினால் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொன்னால் உஷாராக இருங்கள். சிவப்பு வளையக் காலத்தில் உலகம் முழுவதும் இந்த வைத்தியம் நடந்தது. பெட்டியைத் துண்டில் சுற்றிச் சூடேற்றியவர்கள்கூட உண்டு. சில நாள் ஓடும், மறுபடி படுக்கும், கூலி போனது போனதுதான். கெட்ட பாகத்தை எடுத்துவிட்டு வேறு பாகம் வைப்பவர்தான் ரிப்பேர்காரர்.

வீட்டிலேயே செய்யத் தகுந்ததும் உண்டு. தூசி துடைப்பது, நினைவுத்தட்டை மாற்றுவது, கைநிதானம் இருந்தால் பசை மாற்றுவது. மின்சாரப் பகுதியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். கைப்பிடியின் பேட்டரி உப்பியிருந்தால் குத்துவதோ நசுக்குவதோ கூடாது, தீப்பிடிக்கும்.

ரிப்பேர் கூலி, அதே மாடல் நல்ல நிலையில் விற்கும் பழைய விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். மூளைச் சில்லே போயிருந்தால் விற்றுவிடலாம். அப்போதும் 1,500 என்றதும் கொடுத்துவிடாதீர்கள். காற்றாடி, மின்சாரப் பகுதி, நினைவுத்தட்டு, கைப்பிடி ஒவ்வொன்றும் இன்னொரு பெட்டிக்கு உயிர் கொடுக்கும். ரிப்பேர் கடைக்காரருக்கு அதன் மதிப்புத் தெரியும். இன்ன பழுது என்று வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவரும் நம்மைப் போன்ற ஒருவர்தானே. படம் வராத பெட்டியானாலும் உள்ளே பிள்ளையின் கணக்கு இருக்கிறது. வேறொரு சாதனத்தின் வழியே நுழைந்து அந்தக் கணக்கைப் பெட்டியிலிருந்து விடுவித்த பிறகே கைமாற்ற வேண்டும்.

புதியது வாங்குவதோ கடைசி வழி. கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும் என்ற பழைய அனுபவமும் இப்போது பொய்த்துவிட்டது. 2020-ல் ஏறத்தாழ 500 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, ஐந்து வருஷம் கழித்து, 2025 ஆகஸ்டில், அமெரிக்காவில் 550 டாலராக ஏறியது. விலை குறைவான மாடல் என்று தட்டுப் போட இடமில்லாத ஒன்றை வாங்கினால், வீட்டிலிருக்கும் பழைய தட்டுகளை அதில் அப்படியே போட்டு விளையாட முடியாது. தோழர் வீட்டில் 11 தட்டுகள் இருக்கின்றன. இதை எந்தக் கடைக்காரரும் அவரிடம் சொல்லவில்லை.

குப்பைக்குப் போவதன் கணக்கும் உண்டு. 2022-ல் உலகம் கழித்துப்போட்ட மின்சாதனக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. முறையாகச் சேகரிக்கப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதம். அந்தப் பெட்டிகளைச் செய்த கைகளையும் மறந்துவிட முடியாது. 2012 ஜனவரியில் சீனாவின் வூஹான் நகரில், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளைப் பொருத்தும் பாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள், நியாயம் கிடைக்காவிட்டால் குதித்துவிடுவோம் என்று கூரைமீது ஏறி நின்றார்கள். அவர்கள் உழைப்பைத்தான் ஒரு துளை வளைந்ததற்காகக் குப்பையில் போடச் சொல்கிறார்கள்.

நம் நாட்டில் மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்கு ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவிகள், கைபேசிகளும் டேப்லெட்டுகளும், வீட்டு உபயோகச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என்று நான்கு துறைகளைக் குறித்தார்கள். விளையாட்டுப் பெட்டி இதில் பெயர் சொல்லி வரவில்லை. பெயர் சொல்லி வரவேண்டும். உதிரிப்பாகமும், போர்டின் வரைபடமும், பாகங்களைப் பிணைக்கும் சாவியும் சந்துக்கடை மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். கம்பெனிகளின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்று கோருகிறோம்.

நமது தோழர்களில் சிலருக்கு விளையாட்டு என்றாலே இளப்பம்; படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில், வெளியே விளையாட மைதானம் இல்லாத தெருவில் வளரும் பிள்ளைக்கு ஒரு மணி நேரச் சந்தோஷம் கூடாதா? வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தானா அது?

மெக்கானிக் தோழர் மறுநாளே டிப்போவுக்குப் பின்புறச் சந்தில் ஒரு கடைக்குப் போனார். பழுது எச்.டி.எம்.ஐ. துளைதான், உள்ளே இரண்டு ஊசிகள் மடங்கியிருந்தன. அந்தப் பையன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பழைய துளையைப் பெயர்த்துப் புதியதைப் பற்றவைத்ததை முக்கால் மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தாராம். கூலி 1,200 ரூபாய். மூன்று மாதத்துக்குத் தான் பொறுப்பு என்று துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்திருக்கிறான். நட்சத்திரத் தலை ஸ்க்ரூடிரைவர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, வரும் வழியிலேயே தோழர் ஒன்று வாங்கிவிட்டார்.